செவ்வாய்க்கிழமை ஊசியை விட்டுவிடாதே

குன்னூர்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் சித்தி எழுதிக்கொள்வது. நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டாய். உன்மேல் தப்பில்லை. பயந்த மனசில் காதால் கேட்டது தங்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி குட்டிக்குப் பால் கொடுக்க எழுந்திருக்கும்போது செல்போனைத் தடவிக்கொண்டிருக்காமல் இந்தக் காகிதத்தை எடுத்துப் படி. எதிர்வீட்டுத் தம்பி நாளைக் காலை கோயமுத்தூர் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் காரியம் செவ்வாய்க்கிழமை ஊசி. "இரண்டு ஊசி போட்டாச்சு, பால் கொடுக்கிற உடம்பு, இதோடு போதும்" என்று உன் மாமியார் சொல்கிறார்களாம், அக்கா சொன்னாள். போதாது அம்மிணி. நாலு தடவையும் போட்டால்தான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம். பாலுக்கோ குழந்தைக்கோ இந்த ஊசியால் ஒரு கெடுதலும் வராது. அதில் இருப்பது செத்த வைரஸ். உடம்பில் பெருகாது, நோயைக் கொண்டுவராது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் தயங்காமல் போடலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வாயும் வயிறுமாக வந்த எத்தனையோ பெண்களுக்கு நானே என் கையால் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ரேபிஸ் நோய் பாலில் போய்விடுமா என்று கேட்டாய். உனக்கு அந்த நோயே வரவில்லையே! உன்னைப் பூனை கடித்திருக்கிறது, நீ அதற்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கிறாய். குட்டியைத் தூக்கு, கொஞ்சு, பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கு. உனக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்திருக்கிறாயாம். அதையெல்லாம் திரும்ப அலமாரியில் வை. மாப்பிள்ளையிடமும் சொல், அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

உன் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வயசுக்காரர்களுக்கு நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றிப் போடுகிற 14 ஊசிதான் ஞாபகம். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. அந்த நரம்புத் திசு சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் கை கால் விழுந்ததும் உண்டு. அந்தக் காலத்து ஜனங்கள் ஊசிக்குப் பயந்ததில் நியாயம் இருந்தது. 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்த மருந்தின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் உண்டாக்கிச் சுத்தம் செய்த மருந்து. வயிற்றுக்கு வேலையே இல்லை, கையில்தான் போடுகிறார்கள். இதை அவர்களிடம் பொறுமையாகச் சொல். சண்டை வேண்டாம்.

எங்கள் ஊர் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறதே, சின்ன வயசில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். அது எப்படி வந்தது தெரியுமா? 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்கிற பெண்ணை வெறிநாய் கடித்துவிட்டது. தெற்கே எங்கும் வைத்தியம் இல்லை. இந்தியாவில் அதற்கென்று இருந்த நிலையம் இமயமலைப் பக்கம் கசௌலியில். அந்தப் பெண் இறந்துபோனாள். பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கி, 1907-இல் குன்னூரில் இதைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அவளுக்குக் கிடைக்காத மருந்து இன்றைக்கு உனக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கினால் காசில்லாமல் கிடைக்கிறது. அதைப் பாதியில் விடுவதா? அந்த வாசலைத் தாண்டிக் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த வாரம் உன் நினைப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன கிளினிக்கில் "பூனைதானே" என்று சொல்லி டி.டி. ஊசியும் மாத்திரையும் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு மனசு கொதித்தது. படித்தவர்களே இப்படிச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலம் வருவதுதான். பூனையால் வருவது நம் நாட்டில் குறைவுதான். குறைவு என்றால் இல்லை என்றா அர்த்தம்? தெருவில் வெறிநாய் ஒரு பூனையைக் கடித்தால் அந்தப் பூனைக்கும் வரும், அது கடித்தால் மனுஷருக்கும் வரும். அமெரிக்காவில் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுவிட்டதால், அங்கே வளர்ப்புப் பிராணிகளில் ரேபிஸ் அதிகமாக உறுதியாவது பூனைகளுக்குத்தான். நம் அரசு விதிமுறையும் பூனைக்கடியை நாய்க்கடி மாதிரியேதான் பார்க்கச் சொல்கிறது. தோலைத் துளைத்து ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் கடி. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். பல் படாமல் நகம் கீறி ரத்தம் வந்தாலும் அதே வகைதான், பூனை எந்நேரமும் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி. செவ்வாய்க்கிழமை நீயாகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றாய் பார், அந்தப் புத்திதான் எனக்கு நிம்மதி.

அந்த இரண்டு நாள் தாமதம்தான் உன்னைத் தின்கிறது என்று தெரியும். இதை நன்றாகப் படி. ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் ஓடிப் போவதில்லை. காயத்துக்குள் இருந்து நரம்பைப் பிடித்து மெதுவாக மூளைப் பக்கம் நகரும். நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு, ஒரு வருஷம் ஆனதும் உண்டு. அதனால்தான் கடிபட்டவர் எத்தனை நாள் கழித்து வந்தாலும் அன்றைக்கே ஆரம்பித்துவிடுவோம், "நேரம் போச்சு" என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. உலகத்தில் முதன்முதலாக லூயி பாஸ்டர் இந்தத் தடுப்பு மருந்தைப் போட்டுப் பிழைக்கவைத்தது ஜோசஃப் மைஸ்டர் என்ற 9 வயசுப் பையனை. அவனை நாய் கடித்தது 1885 ஜூலை 4. முதல் ஊசி போட்டது ஜூலை 6. உன்னைப் போலத்தான், இரண்டு நாள் கழித்து. உடம்பில் பல இடத்தில் கடி. அன்றைய மருந்து இன்றைய மருந்தின் பக்கத்தில் நிற்காது, சீரமும் கிடையாது. அந்தப் பையன் பிழைத்து, பெரியவனாகி, பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்திலேயே வாயில் காவலராக வேலை பார்த்தான்.

"ரெண்டு கையிலும் கொசு கடிச்ச மாதிரி துளியூண்டு போட்டாங்க, அது எப்படி சித்தி போதும்?" என்று கேட்டாய். தனியார் ஆஸ்பத்திரியில் முழு ஊசியாகச் சதையில் போடுவார்கள். அது ஐந்து தடவை. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறை, ஒரு கைக்கு 0.1 மில்லி. 2006-இல் இந்தியாவில் இதற்கு அனுமதி கிடைத்தது. தோலில் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் துளி மருந்தே போதும். ஒரே குப்பி மருந்து பல பேருக்கு ஆகும், தட்டுப்பாடும் குறையும். பலன் இரண்டுக்கும் ஒன்றுதான். போட்ட இடத்தில் கடலைப்பருப்பு அளவுக்குத் தோல் தடித்ததா? தடித்தது என்றால் சரியாகத் தோலுக்குள்தான் போயிருக்கிறது. அங்கே அரிக்கும், சிவக்கும், சிலருக்கு லேசாக உடம்பு சுடும். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

கட்டைவிரலில் சீரம் போட்டபோது நீ போட்ட சத்தத்தை மாப்பிள்ளை சொன்னார். வலிக்கத்தான் செய்யும். விரலில் மருந்து தங்க இடமில்லை, சதையை விலக்கிக்கொண்டுதான் இறங்கும். ஊசி அறையில் எனக்கு மிகக் கஷ்டமான வேலை அதுதான், சின்னப் பிள்ளைகள் விரலில் சீரம் இறக்குவது. ஆனால் உன் பயத்துக்கு நேரான மருந்தே அதுதான். தடுப்பூசி போட்டபின் உன் உடம்பு சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்கி வைப்பது சீரம். ஆட்கள் வந்து சேரும்வரை வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. அதை ஒரு தடவைதான் போடுவார்கள், உனக்கு ஆயிற்று. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் மூட்டு வலியோ உடம்பில் தடிப்போ வந்தால் சீரத்தால் இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. மருந்து கொடுத்தால் அடங்கிவிடும்.

விரலில் குறுகுறுப்பு, மதமதப்பு என்கிறாய். கடித்த இடம் குறுகுறுப்பது ரேபிஸின் முதல் அறிகுறி என்று எங்கோ படித்துவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அம்மிணி, பூனைப் பல் ஆழமாக இறங்கின விரல். அதே இடத்தில் ஊசியும் குத்தியிருக்கிறது. ஆறுகிற காயம் குறுகுறுக்கத்தான் செய்யும். கடித்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. நீ கவனிக்க வேண்டியது வேறு. பூனைப் பல் ஊசி மாதிரி மெல்லியது, மேலே சின்னப் புள்ளி தெரியும், உள்ளே ஆழமாகக் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும். நாய்க்கடியைவிடப் பூனைக்கடிதான் அதிகம் சீழ் பிடிக்கும். விரல் சிவந்து சுட ஆரம்பித்தாலோ, மடக்க முடியாமல் வீங்கினாலோ, கை வழியே சிவப்புக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வலி குறைந்ததும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை சாப்பிடு.

இன்னொன்று. ராத்திரி எழுந்து சமையல்கட்டில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்து, விழுங்க முடிகிறதா என்று குடித்துப் பார்க்கிறாயாம். அக்கா இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. நீ மட்டும் இல்லை, கடிபட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் ரகசியமாக இதையே சொல்லியிருக்கிறார்கள். படித்தவர், படிக்காதவர், போலீஸ்காரர், எல்லோரும். அந்த நோயை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அதை உனக்கு விவரிக்க மாட்டேன், உனக்கு அது தேவையில்லை. ஆனால் அங்கே வந்தவர்கள் யார் என்று சொல்கிறேன். குட்டி நாய்தானே என்று விட்டவர்கள், பச்சிலை கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள், ஒரு ஊசியோடு நின்றவர்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வைத்தியம் கிடைக்காதவர்கள், அல்லது பாதியில் விட்டவர்கள். காயத்தைக் கழுவி, சீரமும் போட்டு, எல்லா ஊசியும் நாள் தவறாமல் போட்டவருக்கு இது வருவது மிக மிக அபூர்வம். அந்த அபூர்வத்திலும் எங்கேயோ ஒரு ஓட்டை இருந்ததைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். உன் வைத்தியத்தில் இதுவரை ஓட்டை எதுவும் இல்லை.

ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம். நோய் வெளிப்படுவதற்கு முன்னால் உடம்பில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டுகிற பரிசோதனை கிடையாது. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று அளக்கும் பரிசோதனை உண்டு, உன்னைப் போல் ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. காசைக் குட்டிக்குச் சட்டை வாங்க வைத்துக்கொள்ளச் சொல்.

பிரசவம் ஆகி ஆறு மாசம், தூக்கம் கெட்ட உடம்பு. அதில் இந்தப் பயமும் சேர்ந்தால் ஆளையே கலக்கிவிடும். எல்லா ஊசியும் முடிந்த பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், இதே நினைப்பாக இருந்தால் அதற்கும் டாக்டரைப் பார். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே மனநல ஆலோசனை சொல்வார்கள், காசு கிடையாது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். பால் பாத்திரத்தில் வாய் வைத்ததை விரட்டப் போய் மூலையில் மாட்டிக்கொண்டதால் கடித்தது என்றாய். அந்தப் பூனைக்கு நோய் இருந்ததா இல்லையா, தெரியாது. பயந்த பூனை எதுவானாலும் கடிக்கும். நாயோ பூனையோ, எச்சிலில் வைரஸ் வருவது நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்னாலிருந்துதான். வந்த பிறகு அதிக நாள் பிழைத்திருக்காது. அதனால்தான் 10 நாள் கணக்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடித்தது, வருகிற புதன்கிழமைக்குப் பிறகும் அதே பூனை தெருவில் தெம்பாக நடமாடினால், கடித்தபோது அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று தைரியமாக இருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் டாக்டரைக் கேட்காமல் நீயாக ஊசியை நிறுத்தாதே. சாம்பல் நிறப் பூனை தெருவில் நாலு இருக்கும், அதுதான் இது என்று யார் சொல்வது? தேடிக்கொண்டும் அலையாதே, பிடிக்கவும் போகாதே. உங்கள் தெருவில் விஷம் வைத்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். மாப்பிள்ளையை விட்டு அதைத் தடுக்கச் சொல். பாவம் என்பது ஒரு பக்கம், ஊர்ந்து விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிற தெருவில் விஷம் வைப்பதா? மாநகராட்சியில் சொல்லி, தெருப் பிராணிகளுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய வைத்தால் அது உருப்படியான வேலை.

கடித்த உடனே குழாயடியில் கையை நீட்டினாயே, நல்ல காரியம். மாமியார் காப்பித்தூள் வைத்துக் கட்டியதுதான் வேண்டாத வேலை. அதுவும் பாசத்தில் செய்தது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது, காயத்தை இறுக்கிக் கட்டவும் கூடாது. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது, சோப்பு பட்டால் அது கரைந்து வைரஸ் செத்துப்போகும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். அதைச் செய்தாலே பாதி ஆபத்து வாசலோடு போய்விடும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை, உங்கள் கடையில் வேலை பார்க்கிற பையன்களுக்கும் சொல். அவர்கள் தெரு நாய்களுக்கு நடுவில்தான் ராத்திரி வீட்டுக்குப் போகிறார்கள். மந்திரிக்கக் கூப்பிட்டால், மாமியார் மனசுக்காகப் போய் வேப்பிலை அடித்துக்கொண்டு வா. வாய்க்குள் போகிற மருந்து எது கொடுத்தாலும் வாங்காதே. பத்தியம் என்று ஒன்றும் கிடையாது. கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடு. பால் கொடுக்கிறவள் வயிறு காயக் கூடாது.

கடைசி ஊசி, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 28-ஆம் நாள். அதுவும் செவ்வாய்க்கிழமைதான் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், அன்றைக்குத்தான் உங்கள் சொந்த ஊரில் மாரியம்மன் நோம்பி. எனக்கு இதுதான் கவலை. ஜனங்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கடைசி ஊசியைத்தான். காயம் ஆறியிருக்கும், பயமும் போயிருக்கும், வீட்டில் ஒரு விசேஷம் வந்து நிற்கும். நோம்பிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கு இந்த ஊசி போடுவார்களா என்று முன்னாலேயே 104-க்குப் போன் செய்து கேட்டுவிடு. போடுவார்கள் என்றால் சீட்டைக் கையோடு கொண்டு போய் அங்கேயே போட்டுக்கொள். இல்லையென்றால் காலையில் கோயமுத்தூரில் போட்டுவிட்டு, மத்தியானம் பஸ் ஏறினாலும் மாவிளக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஊசி போட்ட தேதி எழுதின சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வை. இனி எப்போதாவது நாயோ பூனையோ கடித்தால் அந்தச் சீட்டைக் காட்டு. முதல் நாளும் அதிலிருந்து மூன்றாம் நாளும் என்று இரண்டு தடவை போட்டால் போதும், சீரம் தேவைப்படாது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓ.பி. கூட்டம் அதிகமாக இருக்கும். எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடு, குட்டியை அக்காவிடம் விட்டுவிட்டுப் போ. போட்டு முடித்து வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு. நான் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் சித்தி